அப்பா பேரில் ஒரு துடிப்பு

ஜனவரி 11

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

கண்டக்டர் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். அங்கே உங்கள் சர்க்கரையும் அம்மாவின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

இதனுடன் வரும் டப்பாவைத் திறந்ததும் "இது என்ன பொம்மை" என்று அம்மா பக்கம் தள்ளிவிடாதீர்கள். கையில் கட்டிக்கொள்கிற வாட்ச். மணி காட்டுவது அதற்கு உபதொழில். எவ்வளவு நடந்தீர்கள், எத்தனை மாடி ஏறினீர்கள், இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை. நான் எந்தக் கம்பெனியில் உட்கார்ந்து, பொருள் வாங்கியவர்களின் திட்டையெல்லாம் போனில் வாங்கிக்கொள்கிறேனோ, அந்தக் கம்பெனியின் புதுச் சரக்கு. கடைக்கு வருவதற்கு முன்னால், வேலை செய்கிறவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் கட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஒன்றுதான். அம்மா பெண்கள் விடுதி வார்டன். நாள் முழுக்க மூன்று மாடி ஏறி இறங்குகிறாள், அவளுக்கு எதற்கு? பஸ் ஓட்டி ரிட்டயரான பிறகு நாற்காலி ஓட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள்தான்.

உள்ளேயே ஒரு சிம் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் தானாக என் திரைக்கு வந்துவிடும். எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டாது, பயப்படாதீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் காட்டும். உங்கள் வயது, உயரம், எடை, சர்க்கரை எல்லாவற்றையும் நானே ஏற்றிவிட்டேன்.

ஒரே ஒரு வேலை உங்களுக்கு. இதில் என்ன குறை, எதை மாற்றினால் நல்லது என்று மாதம் ஒருமுறை எழுத வேண்டும். போனில் வேண்டாம். போனில் நம் பேச்சு "சாப்டியா", "சாப்டேன்" என்பதைத் தாண்டி ஒரு ஸ்டாப்பும் நகர்ந்ததில்லை. நம் வீட்டில் எல்லோரும் கடிதத்தில்தான் ஒழுங்காகப் பேசுகிறோம்.

சின்ன வயதில் உங்கள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்து, ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும் என்று சொல்லிக்கொடுத்தீர்களே. இரண்டு கொடுத்துவிட்டேன். கிளம்புங்கள்.

உங்கள்
கண்டக்டர்


பிப்ரவரி 9

அன்பு கண்டக்டருக்கு,

டிரைவரின் ஆசீர்வாதம். வண்டி ஓடுகிறது, டயர் தேய்மானம் மட்டும் உண்டு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். திட்டு வாங்கும் உத்தியோகம் என்றாலும் வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வாங்கு.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்னுடையது. வேலையில் இருந்த காலமெல்லாம் செக்கிங் இன்ஸ்பெக்டர் எந்த ஸ்டாப்பில் ஏறுவாரோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன். ரிட்டயரானால் அந்தத் தொல்லை விட்டது என்றிருந்தேன். நீ ஒரு செக்கிங்கை என் கையிலேயே ஏற்றிவிட்டாய். இவர் இறங்குகிற ஸ்டாப்பே இல்லை.

குறை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். உங்கள் செக்கிங்குக்கு நேரங்காலம் தெரியவில்லை. முதல் வாய்ச் சோற்றை எடுக்கிறேன், கை நடுங்குகிறது. எனக்குத்தான் ஏதோ வந்துவிட்டது என்று பதறிப் பார்த்தால், "எழுந்து கொஞ்சம் நடக்கலாமே" என்று எழுதிக் காட்டுகிறது. எந்த மனிதனாவது சாப்பிடுகிறவனை எழுப்புவானா? எழுத்தும் எறும்பு போட்ட கோலம் போல இருக்கிறது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அணைந்துவிடுகிறது. முடி வெட்டப் போனேன், கடைக்காரர் "என்ன சார், வீட்ல கட்டிப் போட்டுட்டாங்களா" என்று கேட்கிறார்.

இன்னொன்று, கையை ஆட்டினாலே இது நடந்ததாக எடுத்துக்கொள்கிறது. இதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். நாற்காலியில் சாய்ந்தபடி கையை வீசிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்துவிட்டாள். "யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்றாள். மாட்டிக்கொண்டேன். கம்பெனியில் சொல்லி இதைச் சரிசெய்யச் சொல். அவசரமில்லை, மெதுவாகச் செய்தால் போதும்.

அம்மா நலம். அவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஹாரன் அடித்துவிட்டேன்.

டிரைவர்


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதத்தில் டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்கவில்லை, திரையில் பார்த்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை ஆபீஸில் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சாப்பிடும்போது நடுங்கக் கூடாது, எழுத்து பெரிதாக வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். நாற்காலியிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து நாற்காலி, அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் மட்டும் மலை ஏறின மாதிரி நடை. அது நீங்கள் டாட்டா காட்டிய நாள்.

பெரியப்பாவை நினைத்துப் பாருங்கள். அவரும் வண்டி ஓட்டினவர்தான். அவரும் ரிட்டயரானதும் "இனிமே உக்கார்றதுதான் என் வேலை" என்றவர்தான். பேப்பர் படிக்கிறார் என்று நினைத்துப் பெரியம்மா பக்கத்தில் காபியை வைத்துவிட்டுப் போனாள். காபி ஆறி ஏடு கட்டிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு போன் வரக் கூடாது அப்பா. நான் இருக்கிற தூரத்துக்கு அழுதுகொண்டே வருவதற்கே ஒரு நாளாகும்.

தினமும் டீ குடிக்க எழுவதற்கு முன்னால் திரையில் ஓடுகிற உங்கள் இதயக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன். உங்களுக்காக வேண்டாம், எனக்காக நடங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, நடந்தால் போதும்.

மகள்


மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அழகு பார்க்கிறாயா?

ஒரு கூத்து நடந்தது. உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். பெண் அனுப்பிய வாட்சைப் பற்றி முன்பே எழுதினேன் அல்லவா? நடக்கவில்லை என்று அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பெரியப்பா சாவையெல்லாம் இழுத்து. உன் அத்தான் ஆடிப்போய்விட்டார். அண்ணன் பேச்சை எடுத்தால் அவருக்குத் தாங்காது. மறுநாள் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு வாரம் நடந்திருப்பார். இடது முழங்கால் பூரி மாதிரி வீங்கிவிட்டது. அத்தனை வருஷம் கிளட்ச்சை மிதித்த கால், மூட்டு தேய்ந்தே போய்விட்டதாம். டாக்டர் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றேன். "சொன்னா லீவு போட்டு வந்து ஆபரேஷன் பண்ணிக்கோன்னு நிப்பா. அதுவும் டாட்டா காட்டின ஆளு நான், கால் வலின்னா நம்புவாளா?" என்றார். அந்த மனுஷன் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். "குடுங்க இங்க" என்று வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். நான் எப்படியும் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவள்தானே, என் நடை அவர் பேரில் போகட்டுமே. பட்டை எனக்குத் தொளதொள என்றிருந்தது. ஊசியைச் சுட வைத்து உள்பக்கமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

இப்போது பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா, எங்க ஆபீஸ்லயே நீங்கதான் முதல்!" என்று போனில் குதிக்கிறாள். இவர் நெளிகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறோம். மூட்டு சரியானதும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

மற்றபடி விடுதியில் தலைக்கு மேல் வேலை. யாரோ படிக்கட்டை உயர்த்திக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. மூன்றாம் மாடி போனதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை வாங்கிவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறேன். வயசாகிறது, வேறென்ன.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா


ஏப்ரல் 20

அன்பு கண்டக்டருக்கு,

டிரைவர் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் உனக்குச் சளி பிடித்த குரலாக இருந்தது, வெந்நீர் குடி.

தினமும் அத்தனை படி எங்கே ஏறுகிறீர்கள் என்று கேட்டாய். ரயில்வே லைனைத் தாண்டுகிற மேம்பாலம் இருக்கிறதே, அதில் ஏறி இறங்குகிறேன். மேலே நின்றால் காற்று நன்றாக வரும். (இதைப் பற்றி அதிகம் விவரமாகக் கேட்காதே. நடக்கிறவனை நிறுத்தி வழி கேட்கக் கூடாது.)

இந்த மாதத்துக் குறை ஒன்றுதான். சாயங்காலம் ஆனதும் இது பட்டாசு வெடிக்கிற மாதிரி படம் காட்டி "சபாஷ்" என்கிறது. பாராட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் யாரைப் பாராட்டுகிறோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் பாராட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

உன் அம்மாவுக்கு விடுதியில் வேலை அதிகம். வந்ததும் பையைக்கூட வைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் டீ நான்தான் போடுகிறேன். "இதுல டீத்தூள் எங்க, தேடிக் குடுங்க" என்கிறாள். வாய் மட்டும் சோரவில்லை.

ஹாரன்.

டிரைவர்


ஜூன் 3

அன்புள்ள அம்மா,

இதை விடுதி முகவரிக்குப் போட்டிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை, மன்னித்துக்கொள். என் மனதெல்லாம் அப்பா மேல் இருக்கிறது.

அந்த வாட்சில் ஒரு மணி இருக்கிறது. கட்டியவருக்கு அது கேட்காது, என் மேசையில்தான் அடிக்கும். போன வாரம் அப்பா பேரில் அடித்தது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று. ஒருமுறை என்றால் விட்டிருப்பேன். மறுபடி அடித்தது. நேற்றும் அடித்தது. பெரும்பாலும் அவர் படி ஏறுகிற நேரத்தில்.

அவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மார்புக்குள் பறவை அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று எப்போதாவது சொன்னாரா? பாதம் வீங்குகிறதா? காரணமில்லாமல் களைப்பாக உட்கார்ந்துவிடுகிறாரா? கவனித்துப் பார். எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. சர்க்கரைக்குப் பரிசோதனை என்று சொல்லிக் கூட்டிப் போனால் வருவார்.

அம்மா, பெரியப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது. இப்போதைக்கு எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பதிலை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மகள்


ஜூன் 17

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீ பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே அழைத்துப் போனேன். படுக்க வைத்து மார்பெல்லாம் ஒயரை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். அதுவும் போதாதென்று ஒரு நாள் முழுக்கக் கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டி வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் வாங்கிப் பார்த்தார்கள். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சர்க்கரைக்கு எதுக்குடி நெஞ்சுல ஒயரு?" என்றார். சமாளித்தேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

டாக்டர் சிரிக்கிறார். "இந்த வயசுல இப்படி ஒரு இதயமா! இன்னும் இருபது வருஷம் பஸ் ஓட்டலாம்" என்கிறார். கேட்டதும் இவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. வழியெல்லாம் நெஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தார்.

நீ கேட்டாயே, மூச்சு வாங்குவது, பாதம் வீங்குவது, அடித்துக்கொள்வது எல்லாம். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. கோளாறு உங்கள் மிஷினில்தான். இனி அதை வைத்துக்கொண்டு நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா


ஜூன் 29

என் அம்மாவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் நின்று ஒரு மூச்சு அழுதேன். வெளியே வந்ததும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மணி இன்னும் நிற்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகும் அடித்தது. பொய் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. போனில் திட்டுகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன், மேசையில் அப்பா பேர் சிவப்பாக எரியும், என்ன பேசினேன் என்றே மறந்துவிடும். அதனால் அப்பா பேரில் மட்டும் மணியை நிறுத்திவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியே ஒன்றுமில்லை என்ற பிறகு அது எதற்கு?

இந்த வாட்ச் இப்படி வீணாகப் பயமுறுத்துவதைக் குறைக்க வேண்டும் என்று என் பேரிலேயே எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று மேலதிகாரி பாராட்டினார்.

அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. மேம்பாலம் ஏறுகிறவர் ஏறட்டும். போன கடிதத்தில் உன்னைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்ததில் எழுது.

மகள்


ஜூலை 12

அன்புத் தங்கைக்கு,

நலம்தான். உன் இடுப்பு தேவலை என்று கேட்டுச் சந்தோஷம்.

உன் கேள்வி நியாயம்தான். ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டுவிட்டு, "அது உன் கையில்தானே அக்கா இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அதற்குள் பெண் ஏற்றி வைத்திருப்பதெல்லாம் உன் அத்தானின் வயசும் எடையும்தான். ஆண் பிள்ளைக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையை நான் போட்டால் தோள் எங்கே நிற்கும்? அவருக்கென்று திருகி வைத்த மிஷின் என் கையில் இருந்தால் தாறுமாறாகத்தான் காட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உன் அத்தானும் அதையேதான் சொன்னார். "நாம பண்ணின திருட்டுத்தனத்துக்கு அது முழிக்குது" என்றார்.

இனி கட்ட வேண்டாம், அவளிடம் சொல்லிவிடலாம் என்றும் பேசினோம். ஆனால் அவள் இப்போதுதான் பயம் தெளிந்து இருக்கிறாள். இவர் நடக்கவே இல்லை என்று தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

என்னைப் பார்க்கச் சொல்லி நீ எழுதியதையும் தள்ளவில்லை. கொஞ்சம் களைப்பு இருக்கிறது, சாயங்காலமானால் செருப்பு இறுக்குகிறது. பரீட்சை முடிந்து விடுதியைப் பூட்டியதும் நானே போய்க் காட்டிக்கொள்கிறேன். அத்தனை பெண்களை விட்டுவிட்டு நடுவில் எப்படிப் போவது?

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள சித்திக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். வேலைக்கும் போகிறேன். உங்கள் இடுப்பு வலியை அம்மா கேட்பாள், இனி நான் கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

வாட்ச் கை மாறியதைப் பற்றி அம்மா உங்களுக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் நீங்கள் என் கையில் கொடுத்தபோது நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை சித்தி. அதில் இருந்தது எனக்கு அந்த நாளிலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு டீக்கு எழுவதற்கு முன்னால் வழக்கம்போல் அப்பாவின் கோட்டைப் பார்த்தேன். காலையிலிருந்தே ரம்பம் மாதிரி பல்லுப் பல்லாக இருந்தது. அதன் பிறகு கோடு நேராக ஓடியது. பக்கத்தில் "கையில் இருக்கிறது, துடிப்பு இல்லை" என்று எழுதியிருந்தது. மணி அடித்திருக்க வேண்டும். காலையிலேயே அடித்திருக்க வேண்டும். அதை நிறுத்தி வைத்தவள் நான்.

வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அப்பா. "சொல்லு கண்டக்டர்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? சிரித்தேன் சித்தி. அழுதுகொண்டே சிரித்தேன். "அப்பா, உங்க துடிப்பு நின்னுபோச்சாம்ப்பா! இந்த மிஷினைத் தூக்கிக் குப்பையில போடணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போனையும் வைக்கவில்லை, அது அவர் கையிலேயே இருந்திருக்கிறது. நாற்காலி பின்பக்கமாக விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெறுங்கால் சத்தம். ஒன்று கனமாக, ஒன்று இழுத்துக்கொண்டு. கதவு சுவரில் மோதியது. அதற்குப் பிறகு தெருச் சத்தம்தான். நான் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தேன். விடுதி இரண்டு தெரு தள்ளி. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடியிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது யார் கை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். அப்படி உட்கார்ந்து மூச்சு வாங்குவது அவள் வழக்கமாம். வார்டன் அசதியில் கண்ணை மூடியிருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பெண்கள் சத்தமில்லாமல் ஓரமாக இறங்கிப் போயிருக்கிறார்கள்.

ஒரு நிமிஷம் சித்தி, ஒரே ஒரு நிமிஷம், செத்தது அப்பா இல்லை என்று நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அந்த நேரத்தில் என் அம்மா அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். இதை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

அங்கே இருந்த நாட்களெல்லாம் அப்பா வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மணியை நிறுத்தியதை அம்மாவுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். சொன்னால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும். அவருக்குக் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவர் பக்கத்திலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்குமோ என்னவோ.

அவரை அடிக்கடி போய்ப் பாருங்கள். சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் அக்கா மகள்


நவம்பர் 2

அன்பு கண்டக்டருக்கு,

டிரைவர் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி? சித்தி அவள் ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள், சாப்பாடு கொண்டு வருகிறாள், சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீ சொல்லிக்கொடுத்தது என்று தெரிகிறது.

மாதம் ஒருமுறை எழுதச் சொன்னாய். நடுவில் சில மாதம் விட்டுப்போயிற்று. வாட்சைத் திருப்பி அனுப்பச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. ஆகவே நானே கட்டிக்கொண்டேன். பட்டையில் ஓரம் கருகி, கொஞ்சம் கோணலாக ஒரு ஓட்டை இருக்கிறது. அது கம்பெனி போட்டதில்லை. என் கைக்கு அது எட்டாது. நான் வெளி ஓட்டையில்தான் மாட்டுகிறேன். விரல் மட்டும் அந்த இடத்துக்குப் போய்விடுகிறது.

கம்பெனிக்கு ஒரு யோசனை. எழுத்தைப் பெரிதாக்குவதெல்லாம் இருக்கட்டும். கையில் கட்டியதும் இந்த வாட்ச் முதலில் "நீ யார்" என்று கேட்க வேண்டும். எங்கள் டெப்போவில் மாற்று டிரைவர் ஏறினால்கூட அவன் பேர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுப்பார்கள். ஆள் மாறினது தெரியாமல் வண்டி வெளியே போகக் கூடாது. இவ்வளவு தெரிந்த மிஷினுக்கு அது தெரியவில்லை. அதற்குத் தெரியாவிட்டாலும், கூடவே குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

என் ஆயுசில் நான் ஓடியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு வாட்ச் என் கையில் இல்லை.

டாக்டர் திட்டினாலும் தினமும் தடியை ஊன்றிக்கொண்டு விடுதி வாசல்வரை போய்விட்டுத் திரும்புகிறேன். போகும்போது பாதி வழியில் ஒருமுறை நின்றுவிடுகிறேன். மேலே போவதா, திரும்பி வருவதா என்று தெரியாமல் நிற்கிறேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது கண்டக்டர். நாற்காலியில் உட்கார்ந்து சும்மா கையை ஆட்டிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

நான் நிற்கட்டுமா, போகட்டுமா? விசில் கொடு.

டிரைவர்


நவம்பர் 14

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருப்பதும் தெரிகிறது. உங்கள் நடை திரையில் ஒரு அடி நீளமாக, ஒரு அடி குட்டையாக வருகிறது. இதைத்தான் முதலிலிருந்தே பார்த்திருக்க வேண்டும் நான்.

யோசனையை மேலே அனுப்பிவிட்டேன். சொன்னவர்கள் யார் என்று கேட்டிருந்த இடத்தில், ஒரு பஸ் டிரைவர், ஒரு விடுதி வார்டன் என்று எழுதினேன்.

நீங்கள் ஓடியது வாட்சில் ஏறாவிட்டாலும் என்னிடம் இருக்கிறது அப்பா. நீங்கள் போனை வைக்கவில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் பேரில் இருந்த மணியை இன்றைக்கு மறுபடி போட்டுவிட்டேன். ஜூன் மாதம் அதை நிறுத்தியவள் நான்தான். இனி அது எந்த நேரத்தில் அடித்தாலும் நம்புவேன்.

அடுத்த மாதம் லீவு எடுத்து வருகிறேன். விடுதி வாசலோடு திரும்ப வேண்டாம். அந்தப் படிக்கட்டுவரை சேர்ந்து போவோம். அதுவரை மெதுவாக நடங்கள். வலித்தால் உட்காருங்கள். உட்கார்ந்தால் எனக்கு எழுதுங்கள்.

இரண்டு விசில்.

கண்டக்டர்